மறியல் வீட்டுக்குப் படிக்கிறவள்

உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் வேண்டும்.
எனக்கு ஐந்தடி ஒன்றரை.
குருநகர் மாடிக்குடியிருப்பில்
மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில்
சுவரோடு குதிக்காலை ஒட்டி நின்று
தலைக்கு மேலே பென்சிலால் கோடு கிழிக்கிறேன்,
கிழமைக்கு ஒருக்கால்.
கோடு ஏறவில்லை. தடித்துக்கொண்டு போகிறது.

வர்த்தமானிப் பிரதியில்
அம்மா தெரியாமல் மீன் சுற்றிவிட்டாள்.
விளைமீன் செதில் ஒட்டிய தாளில்தான் இருக்கிறது
பெண் சிறைக்காவலர் ஆட்சேர்ப்பு.
"மறியல் வீட்டிலை வேலை எண்டு
ஆரிட்டையும் சொல்லிப்போடாதை.
கச்சேரியிலை எண்டு சொல்லு."

படிக்கிறேன்.
விளக்கமறியல் வேறு, தண்டனை வேறு.
விளக்கமறியலில் இருப்பவர் குற்றவாளி அல்லர்.
இதற்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு.
புனர்வாழ்வு என்ற சொல் வரும் இடத்தில்
பேனை கொஞ்சம் நிற்கும்.
எங்கள் மாடியில் அந்தச் சொல்லுக்குள் போய்
இரண்டு வருசம் கழித்து வந்தவர்கள் மூன்று பேர்.
ஒருநாளும் அதை முழுதாய் உச்சரித்ததில்லை.
"அங்கை" என்பார்கள்,
"அங்கை இருக்கேக்கை."

சிங்களத்துக்குக் கொழும்புத்துறையில் வகுப்பு.
வங்கியில் பேசுவது, பேருந்தில் பேசுவது
எல்லாம் முடிந்த பிறகு
கையை உயர்த்தி, பூட்டுக்கு என்ன சொல் என்றேன்.
இப்பா, என்றார் ரீச்சர், ஆமைக்கும் அதுதான்.
வகுப்புச் சிரித்தது.
எங்களிலும் ஆமைப்பூட்டுத்தானே.
இரண்டு பாசையிலும் அது
தலையை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறது.

போன மாதம் சின்னம்மாவின் மகன் றெக்சனைப் பிடித்தார்கள்.
பையில் எவ்வளவு இருந்தது என்று
சின்னம்மா சொல்லும் கணக்கு
கிழமைக்குக் கிழமை சிறுக்கிறது.
அவவுக்கு முழங்கால் நோ.
புட்டுப் பார்சலோடு நான்தான் போனேன், பண்ணைக்கு.
கடற்காற்றில் வரிசை முழுக்க
சொப்பிங் பைகள் படபடத்தன.
எனக்கு முன்னால் நின்றவவின் சவர்க்காரத்தைக்
கத்தியால் இரண்டாய் வெட்டினார்கள்.
விதிப்படி சரி. என் கொப்பியில் நாற்பத்தொராம் பக்கம்.

என் முறை.
காக்கிச் சட்டைக்காரி, நகம் ஒட்ட வெட்டியவ,
கரண்டிக் காம்பால் புட்டைக் குத்தினா,
நடுவில், ஓரத்தில், அடியில்.
கணவாய்க் கறியைத் துண்டு துண்டாய்ப் புரட்டினா.
பிறகு
பின்னால் முப்பது பேர் நிற்க
உதிர்ந்த புட்டை ஒதுக்கிக் கூட்டி
குழலிலிருந்து இப்போதுதான் விழுந்ததுபோல் சேர்த்து
சிந்திய தேங்காய்ப்பூவையும் மேலே போட்டு
மூடினா.

இது எந்தப் பக்கம்?

நான் பார்ப்பதைப் பார்த்தா.
"ஏன், என்ன?" அவவின் தமிழ் அவ்வளவுதான்.
"நானும் சோதினை எழுதப்போறன் மிஸ்."
மேலிருந்து கீழ்வரை என்னை அளந்தா.
குதிக்கால் தானாக எழும்பியது.
"கால் நோகும்," என்றுவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

கம்பிவலைக்கு அங்கால் றெக்சன்
மெலிந்திருந்தான். மீசையை வழித்திருந்தான்.
விசயம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.
"அக்கா, நீ இஞ்சை வேலைக்கு வந்தால்
நான் உன்னை என்னெண்டு கூப்பிடுறது?"
மணி அடித்துவிட்டது.
பதில் தெரியாததற்கு நேரம் போதாதது நல்லது.

இரவு மாதிரி வினாத்தாள்.
பதினான்காம் கேள்வி:
பார்வையாளர் கொண்டுவரும் உணவைப்
பரிசோதிக்கும் முறையைச் சுருக்கமாக விளக்குக.
நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
மூன்று வரி கொப்பியில் உள்ளபடி.
நாலாவதில்,
இருந்தபடியே திரும்ப மூடிக் கொடுத்தல் வேண்டும்
என்று எழுதினேன்.

பின்பக்க விடைகளில் அது இல்லை.
நானே பிழை போட்டேன், சிவப்பால்.
அழிக்கவில்லை.

நாளை சனிக்கிழமை.
உயரம் பார்க்க வேண்டும்.